பட்டாவை எடுத்து வையுங்கள், லண்டன் போகலாம்

எல்லையோரம் – 17

பத்து நாளில் ஏழு நாடு என்று அச்சடித்த வழவழப்பான தாள் ஒன்றை எங்கள் தெருக்கோடி அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். கிருஷ்ணகிரியில் ஒரு டிராவல்ஸில் வாங்கியதாம். அதில் லண்டனுக்கு ஒதுக்கியிருந்தது ஒன்றரை நாள். அதற்குள் மெழுகு பொம்மைகள், ஆற்றங்கரை ராட்டினம், பிக் பென் முன்னால் ஒரு போட்டோ, இரவு ‘இந்திய உணவு’. மறுநாள் விடியற்காலை பாரிஸுக்கு ரயில்.

“எப்படி வாத்தியாரே, போலாமா?”

“பஸ்ஸு ஜன்னல்ல பாக்கறதுக்கு இவ்ளோ காசு எதுக்குண்ணா?”

அண்ணன் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வேப்பனப்பள்ளிக்கு வடக்கே கொஞ்சம் மாந்தோப்பு. பணிக்கொடையில் ஒரு பகுதியை ஐரோப்பாவுக்கென்று தனியாக வைத்திருக்கிறார். அவருக்காக நான் போட்டுக் கொடுத்த திட்டத்தைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இந்த வட்டாரத்திலிருந்து கிளம்பும் எவருக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஏழு நாடு வேண்டாம், ஒரு தலைநகரம் போதும் என்பது என் கட்சி. இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. பாரிஸ், ரோம், வியன்னா எல்லாம் ஷெங்கன் விசாவுக்குள் வருபவை. 29 நாடுகளுக்கு ஒரே விசா, கட்டணம் 90 யூரோ, அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. பிரிட்டன் அந்தக் கூட்டில் இல்லை. லண்டனையும் பாரிஸையும் ஒரே பயணத்தில் முடிச்சுப் போட்டால் இரண்டு விசா, இரண்டு விண்ணப்பம், இரண்டு முறை கைரேகை.

எந்தத் தலைநகரம் என்பது அடுத்த கேள்வி. ரோமில் இடிபாடு அழகு, வியன்னாவில் சங்கீதம் என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரனுக்கு லண்டனில் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. அவனுடைய சொந்த மலைகள் அங்கே இருக்கின்றன, படமாகவும் காகிதமாகவும்.

தமிழில் பயணம் எழுதியவர்களில் ஏ.கே. செட்டியார்தான் எனக்கு முன்னோடி. 1930களின் கடைசியில் அவர் ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றியது காந்தி படச்சுருள்களைத் தேடி. 1940ல் அந்த ஆவணப்படம் வெளிவந்தது. எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு கப்பல் ஏறிய மனிதர். அதனால்தான் அவர் போன ஊர்களில் எல்லாம் அவருக்கு வேலை இருந்தது. அண்ணனுக்கும் லண்டனில் ஒரு வேலை வேண்டும். அதை இங்கிருந்தே கொடுத்து அனுப்பலாம் என்று தோன்றியது.

அந்த வேலைக்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போட்ட உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த பகுதிகளில் ஒன்று பாராமகால். கிருஷ்ணகிரி, ஜகதேவி, மகாராஜகடை என்று பன்னிரண்டு கோட்டைகளைச் சொல்லி அந்தப் பெயருக்குக் கணக்குக் காட்டுவார்கள். மகாராஜகடை நமக்கு எவ்வளவு பக்கம் என்று வேப்பனப்பள்ளிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிக் கோட்டையை 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை ஏறிப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுத் திரும்பியது. சண்டையில் கிடைக்காத மலை, நாலு மாதம் கழித்துக் கையெழுத்தில் போனது.

உடன்படிக்கையின் மை காயுமுன்னே இரண்டு ஓவியர்கள் வந்து சேர்ந்தார்கள். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல். 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பி, போர் நடந்த பாதையிலேயே பாராமகாலுக்குள் நுழைந்தார்கள். காட்சியை லென்ஸ் வழியாகக் காகிதத்தில் விழவைத்துக் கோடு எடுக்கும் ‘கேமரா அப்ஸ்கியூரா’ பெட்டியைப் பயன்படுத்தியவர்கள், அதனால் மலையின் வளைவு தப்பாது. லண்டன் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை செப்புத் தகட்டில் செதுக்கி, கையால் வண்ணம் தீட்டி வெளியிட்ட 144 படங்களின் தொகுதிதான் ‘ஓரியண்டல் சீனரி’. அதில் ராயக்கோட்டை இருக்கிறது. வீரபத்திர துர்க்கம் இருக்கிறது. ஜகதேவிக் கோட்டையும் பக்கத்துக் கோட்டையும் ஒரே படத்தில் இருக்கின்றன. தினமும் பஸ்ஸில் போகும்போது நாம் நிமிர்ந்துகூடப் பார்க்காத பாறைகள்.

இந்தத் தொகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. யூஸ்டன் சாலையில், செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய செங்கல் கட்டடம். பழைய இந்தியா அலுவலக ஆவணங்களும் 1998லிருந்து அதே கூரையின் கீழ்தான். அடுக்கி வைத்த அலமாரிகளின் நீளமே 14 கிலோமீட்டர் இருக்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இவை திறக்காது. வாசகர் அட்டை வேண்டும். அட்டை இலவசம், அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பட்டியலில் கண்டுபிடித்து முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். படிக்கும் அறைக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும். பை வெளியே. ஞாயிற்றுக்கிழமை படிக்கும் அறை மூடியிருக்கும் என்பதை மறந்து சனிக்கிழமை இரவு போய் இறங்கினால் ஒரு நாள் வீண்.

இன்னொன்று. 2023 அக்டோபரில் கொந்தர்கள் இந்த நூலகத்தின் கணினிகளை முடக்கிப் பணம் கேட்டார்கள். நூலகம் கொடுக்கவில்லை. விளைவு, இணையப் பட்டியலே மாதக்கணக்கில் இல்லாமல் போனது. மீட்பு வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆகவே விமான டிக்கெட்டுக்கு முன்னால், வேண்டிய தொகுதி இப்போது கைக்குக் கிடைக்குமா என்று நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது நல்லது. அண்ணனுக்கு இந்த யோசனை பிடித்தது. “ஸ்பேர் பார்ட் ஸ்டாக் இருக்கான்னு கேட்டுட்டுதானே லாரிய அனுப்புவோம்” என்றார்.

டேனியல் படங்களைவிட எனக்கு ஆசை தாமஸ் மன்றோவின் காகிதங்கள்மேல். அதே நூலகத்தில் தனியார் ஆவணப் பிரிவில் அவருக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. பாராமகாலை அளந்து வரி போட கும்பினி அனுப்பியவர் அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாக வந்த இளைஞர்களில் ஒருவர் மன்றோ. 1792 முதல் 1799 வரை இந்த மண்ணில்தான் இருந்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். கானராவுக்கு மாற்றியபோது விட்டுப்போக மனமில்லாமல்தான் போனார். பிறகு சென்னை மாகாணக் கவர்னராகி, 1827ல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.

ரீடும் மன்றோவும் இங்கே செய்த காரியம் இந்தியாவின் பல பகுதிகளைப் பாதித்தது. ஜமீன்தாரோ பாளையக்காரரோ நடுவில் இல்லாமல், ஒவ்வொரு வயலையும் அளந்து, அதை உழுகிறவரோடு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறைக்கு முதல் அச்சு வார்த்த இடம் பாராமகால். நல்லதா கெட்டதா என்றால் நீண்ட வழக்கு. இடைத்தரகர் போனார் என்பது உண்மை. மழை பொய்த்த வருஷமும் வரி நேராக உழவன் தலையில் விழுந்தது என்பதும் உண்மை. ரீடு போட்ட விகிதங்கள் அதிகம் என்று பிற்பாடு மன்றோவே குறைக்கச் சொன்னவர். எப்படியோ, நம் பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிற பட்டாவின் பாட்டன் அந்த முறைதான்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், அண்ணன் லண்டன் போக விசா கேட்கும்போது இணைக்க வேண்டிய முக்கியமான காகிதம் அந்தப் பட்டாவேதான். ஊருக்குத் திரும்பி வர உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது என்பதே விசா அதிகாரியின் அடிப்படைக் கேள்வி. நிலம் வைத்திருப்பவருக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. கும்பினிக்காரர்கள் இந்த மண்ணில் தொடங்கிவைத்த காகிதத்தை இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து அவர்கள் ஊருக்கே அனுப்பி, “ஐயா, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்” என்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. அவருடைய பட்டா இன்னும் அவருடைய அப்பா பெயரில் இருக்கிறது.

அதை மாற்றுவது முதல் வேலை. இரண்டாவது, மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத எந்தக் காகிதத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம், இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பட்டா, சிட்டா இரண்டுக்கும் இது பொருந்தும். ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கை அவர்கள் புரிந்துகொள்வார்கள். ‘புன்செய்’யை விளக்கித்தான் ஆக வேண்டும்.

பிரிட்டன் விசாவில் ஒரு விசித்திரம். ஷெங்கன் நாடுகள் விமான முன்பதிவு, ஓட்டல் முன்பதிவு, காப்பீடு மூன்றையும் கேட்கும். பிரிட்டன் அரசின் வழிகாட்டிக் குறிப்போ, ஓட்டல் பதிவு, விமானப் பதிவு, பயணக் காப்பீடு இவற்றைச் சான்றாக அனுப்பாதீர்கள் என்கிறது. இது தெரியாமல் விசாவுக்கு முன்பே ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை எடுத்துவைத்துக் காசை விட்டவர்கள் உண்டு. விண்ணப்பம் இணையத்தில். ஆறு மாதச் சுற்றுலா விசாவின் கட்டணத்தை 2025 ஏப்ரலில் 115 பவுண்டிலிருந்து 127 ஆக்கினார்கள். ஏறுமுகம்தான், கட்டும் அன்று பார்த்துக்கொள்ள வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. முடிவு வர சாதாரணமாக மூன்று வாரம். கைரேகை கொடுக்க நமக்குப் பெங்களூருதான் பக்கம்.

இந்த மூன்று மாதக் கணக்குதான் மாந்தோப்புக்காரரைச் சிக்கவைக்கிறது. பெங்களூரா காய் மே மாதத்திலிருந்து ஜூலை வரை இறங்கும். அந்த நாளில் தோப்பை விட்டு எவரும் நகர மாட்டார்கள். ஆகவே பயணம் செப்டம்பர். அங்கே வெயிலும் மிச்சமிருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் கலைந்திருக்கும். செப்டம்பரில் போக ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ விண்ணப்பிக்க வேண்டும். சரியாக அந்த வாரங்களில்தான் மாங்கூழ் ஆலையிலிருந்தும் மண்டியிலிருந்தும் வருஷத்துப் பணம் முழுவதும் ஒரே மூச்சில் வங்கிக் கணக்கில் விழுகிறது. பதினோரு மாதம் அமைதியாக இருந்த கணக்கில் திடீரென்று லட்சங்கள். மாம்பழ வியாபாரம் தெரியாத ஓர் அதிகாரி அதைப் பார்த்தால், விசாவுக்காக யாரிடமோ கைமாற்று வாங்கிப் போட்ட பணம் என்றுதான் நினைப்பார்.

வழி இருக்கிறது. ஆலையின் எடைச் சீட்டு, பணம் கொடுத்த ரசீது, கடந்த இரண்டு மூன்று வருஷமும் இதே மாதங்களில் இதே மாதிரி பணம் வந்ததைக் காட்டும் வங்கி அறிக்கை, இவற்றோடு ‘எனக்கு வருமானம் வருஷத்துக்கு ஒரு முறை, அறுவடையில்’ என்று அரைப் பக்கக் கடிதம். ஓய்வூதியத் தாள் தனியாக. சொல்லாமல் விட்ட பணம்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

பெயர் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முன்னாலோ பின்னாலோ ஏறியிருக்கும். டிக்கெட், விசா இரண்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆதாரில் எப்படி, ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் விமான நிலையத்தில் செல்லாது.

இனி லண்டன் தெருக்கள். ஒரு முழு நாளை நடைக்கு வைத்திருக்கிறேன். தொடக்கம் பாங்க் நிலையத்துக்கு வெளியே, ராயல் எக்ஸ்சேஞ்ச் வாசல். அங்கே குதிரைமேல் வெலிங்டன் பிரபு. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகப் போனபோது அதில் ஒரு கர்னலாகப் போனவர் இவர். சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. வெறும் குதிரை முதுகில் உட்கார்ந்திருக்கிறார். சென்னைத் தீவுத்திடல் மன்றோ சிலையைப் பார்த்தவர்களுக்குப் பொறி தட்டும். இரண்டுமே பிரான்சிஸ் சாண்ட்ரி என்ற சிற்பியின் கைவேலை. டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் நாலாம் ஜார்ஜ் மன்னரின் குதிரையும் அவருடையதே, அதிலும் அங்கவடி கிடையாது. மன்றோவுக்கு அங்கவடி வைக்க மறந்துவிட்ட வெட்கத்தில் சிற்பி தற்கொலை செய்துகொண்டார் என்று சென்னையில் ஒரு கதை இன்னும் ஓடுகிறது. மூன்று குதிரைக்கும் மறப்பாரா மனிதர்?

அங்கிருந்து சில நிமிட நடையில் லெடன்ஹால் தெரு. கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமையகம் நின்ற இடம். பாராமகாலின் வரிக்கணக்குகள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த முகவரி இது. 1861ல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் கட்டடம். குழாய்களையும் லிஃப்டுகளையும் வெளியே வைத்து, எஃகுத் தகடு போர்த்திக் கட்டியது. பார்ப்பதற்கு ஒரு தொழிற்சாலையின் பின்புறம். இயந்திரங்களோடு வாழ்ந்த அண்ணனுக்கு லண்டனில் மிகவும் பிடிக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அடுத்து செயின்ட் பால் தேவாலயம், உள்ளே காரன்வாலிஸ் நினைவுச் சின்னம். 1791 ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்த படைக்குத் தலைமை அவர். தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, கொஞ்சம் அதிகம்தான்; வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தாலும் பாதகமில்லை.

திப்புவின் புலி விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். ஐரோப்பியன் ஒருவனைக் குதறும் மரப்புலி, வயிற்றுக்குள் ஆர்மோனியம் போன்ற காற்றிசைக் கருவி. 1799ல் கொள்ளையில் கிடைத்து, 1808லிருந்து கும்பினி அலுவலகத்தில் காட்சிக்கு நின்றது. அருங்காட்சியகத்துக்கு நுழைவு இலவசம். ஆனால் தெற்காசியக் கூடத்தைப் புதுப்பிக்கும் திட்டம் ஓடுகிறது. போகிற மாதத்தில் புலி எந்த அறையில் என்று இணையதளத்தில் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்கள், அதுவும் இலவசம். வீட்டில் தெலுங்கு பேசும் அண்ணன் அதைத் தவறவிடக் கூடாது. கோகினூரைப் பார்க்க லண்டன் கோட்டைக்குப் போகலாம். கல் ஒன்று, வரிசை மிக நீளம். நான் அதைத் திட்டத்தில் சேர்க்கவில்லை.

தங்கல் ஈஸ்ட் ஹாம் பக்கம். இலங்கைத் தமிழர், நம் ஊர்த் தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லாம் கலந்த தெருக்கள். இட்லிக்குக் குறைவில்லை, மேனர் பார்க்கில் கருங்கல்லில் கட்டிய முருகன் கோயில் நடக்கிற தூரம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தனி டிக்கெட் வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டினால் போதும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்று உச்சவரம்பும் உண்டு. நம் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு எத்தனை சதவீதம் பிடிக்கும் என்பதைக் கிளம்புமுன் கேட்டுவைக்க வேண்டும்.

விமானம் தேவனஹள்ளியிலிருந்து நேராக, பத்துப் பதினோரு மணி நேரம். வேப்பனப்பள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஓசூர் போய் சில்க் போர்டில் மாட்டிக்கொண்டு ஊரைக் குறுக்கே கடப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பேரிகை, மாலூர், ஹொசகோட்டை என்று போனால் பெங்களூருக்குள் நுழையாமலே விமான நிலையம் வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் சென்னைக்காரனைவிட நாம் லண்டனுக்குப் பக்கம்.

எல்லாம் எழுதி முடித்துக் கொடுத்தபோது அண்ணன் முதல் பக்கத்தின் மேலே நான் அடிக்கோடு போட்டிருந்த வரியைக் காட்டினார்: ‘முதலில் எழும்பூர்’.

ரீடு தம் உதவியாளர்களோடு சேர்த்துத் தொகுத்த பாராமகால் ஆவணங்களின் கையெழுத்துத் தொகுதிகள் லண்டனில் அல்ல, சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குடிகள், விளைபொருள், நிலவரி, சுங்கம் என்று பிரிவு பிரிவாக அவற்றைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசு அச்சகம் புத்தகமாகவும் போட்டது. 1790களில் இங்கே என்ன பயிரிட்டார்கள், எந்தச் சாதியார் என்ன தொழில் செய்தார்கள், எதற்கு எவ்வளவு வரி என்பதெல்லாம் அதில் கிடைக்கும்.

“இங்கயே இருந்தா அங்க எதுக்கு வாத்தியாரே?”

“படமும் கடுதாசியும் அங்க. கணக்கு இங்க. எந்த ஊர், எந்த வருஷம்னு இங்க குறிச்சிக்கிட்டுப் போனாத்தான் அங்க எதைக் கேக்கணும்னு தெரியும்ணா.”

அண்ணன் யோசித்தார். காப்பகத்துக்கு அனுமதிக் கடிதம் வேண்டும் என்றேன், சரி என்றார். பட்டா பெயர் மாற்றத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் இருவரும் சென்னைக்குக் கிளம்புகிறோம்.

(தொடரும்)